பேக்கிங் மேசையிலிருந்து வந்த அழைப்பு

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் டிரெயினியாகச் சேர்ந்தேன். வேலைக்கான ஆர்டர் வந்தபோது, எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அம்மா போனில், "எந்த மிசினுய்யா நீ ஓட்டுற?" என்று கேட்பாள். எதையும் ஓட்டவில்லை என்று சொன்னால் வேலை போய்விட்டதோ என்று பயந்துவிடுவாள். "பெரிய மிசின்தாம்மா" என்று சொல்லி வைத்திருந்தேன்.

அங்கே பேக்கிங் மேசையில் பிள்ளைப்பாக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். ஒவ்வொரு பெட்டியின் பார்கோடையும் ஸ்கேனரால் அடிப்பார். அது மேசையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் மட்டும் பதியும். ஆபீஸ் சர்வரில் ஓடிய ஸ்டாக் மென்பொருளுக்காக அதே எண்களை, ஷிஃப்ட் முடிந்ததும் அவரே உட்கார்ந்து பிரவுசரில் மறுபடி டைப் செய்ய வேண்டும். முடிப்பதற்குள் கம்பெனி பஸ் போய்விடும். ஷேர் ஆட்டோ பிடித்து அவர் வீடு சேரும்போது, பள்ளி விட்டு வந்த மகள் பூட்டிய கதவுக்கு வெளியே பையோடு உட்கார்ந்திருப்பாள்.

ஒருநாள் கேட்டார்: "ஏன் தம்பி, இந்தப் பொட்டியும் ஆபீஸ் பொட்டியும் ஒண்ணோட ஒண்ணு பேசாதா? ஒரே கம்பெனிதானே, சண்டையா இன்னா?"

பேச வைக்க வழி இருந்தது. ஸ்டாக் மென்பொருள், பைத்தான் மொழியில், ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கை, அதாவது இணையப் பக்கங்களுக்கான ஆயத்தச் சட்டகத்தை, கொண்டு எழுதியது. அதற்குள் ஓர் ஆர்பிசி சர்வரைச் சேர்த்துவிட்டால், மேசைக் கம்ப்யூட்டர் பிரவுசரைத் திறக்காமலே, 'இந்தப் பெட்டியைச் சேர்' என்று ஆபீஸ் மென்பொருளில் அந்த வேலையைச் செய்யும் நிரல்துண்டை, ஃபங்ஷனை, நேரடியாகக் கூப்பிடலாம். ஆர்பிசி என்றால் ரிமோட் புரொசீஜர் கால், தூரத்திலிருந்து விடுக்கும் அழைப்பு. அதுவரை எனக்கு ரிமோட் என்றால் டிவிக்கு உள்ளதுதான். ஆங்கில விளக்கத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய், மண்ணூரில் நானும் ஒரு ரூம்மேட்டும் தங்கியிருந்த ரூமில், ஒரு பத்திக்கு ஒரு டீ என்று படித்தேன்.

முதலில் எதுவும் உள்ளே போகவில்லை. தன் சொந்தப் பக்கத்திலிருந்து பிரவுசர் வழியாக வருவது என்பதற்கு அடையாளமான டோக்கன் இல்லாத எதையும் அந்த ஃபிரேம்வொர்க் திருப்பி அனுப்பிவிடும். ஐடி கார்டு தொங்காதவனை எங்கள் கேட் செக்யூரிட்டி திருப்பி அனுப்புவதுபோலத்தான். மேசையின் அழைப்பு வந்து சேரும் ஒரு முகவரிக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, மேசைக் கம்ப்யூட்டருக்கென்று தனி பாஸ்வேர்டு வைத்தேன். பெட்டி போய்ச் சேர்ந்தது. அக்காவின் திரையில் பச்சை வட்டம் வந்தது. அன்று அவர் பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். லைனில் செய்ததைவிட ஸ்டாக்கில் பெட்டிகள் அதிகமாக இருந்தன.

"உன் சர்வருக்குள்ள போனா பொட்டி குட்டி போடுதா? எடுத்துடு அத. பழையபடி டைப் பண்ணட்டும்."

பேக்கிங்குக்கு ஓடினேன். அங்கே ஹெல்ப்பராக இருந்த என் ரூம்மேட், தூத்துக்குடிக்காரன், "எலேய், ஆபீஸ்ல உக்காந்து முழிக்காத. இங்கன நின்னு பாருல" என்றான்.

நின்று பார்த்தேன். அக்கா ஸ்கேனரை அடித்தார். பதில் வரக் கொஞ்சம் தாமதமானது. மறுபடி அடித்தார். இன்னொரு தடவை. பச்சை வந்த பிறகுதான் பெட்டியை நகர்த்தினார். பேக்கிங்கில் இருந்த எல்லோருமே முன்பு தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். அங்கே இரண்டு கையாலும் பட்டனை அழுத்த வேண்டும். பச்சை விளக்கு எரியாவிட்டால் எரியும்வரை மறுபடி அழுத்த வேண்டும். கை அப்படியே பழகியிருந்தது. என் ஃபங்ஷனோ ஒவ்வொரு அழைப்பையும் ஒரு புதுப் பெட்டியாகச் சேர்த்துக்கொண்டிருந்தது.

"நான் எதுனா தப்பு பண்ணிட்டனா தம்பி?"

"இல்லக்கா. நீங்க எத்தன தடவ அடிச்சாலும் ஒண்ணாத்தான் அது எடுத்துக்கணும்."

சாப்பாட்டு நேரத்துக்குள் மாற்றிவிட்டேன். அந்த எண் ஏற்கெனவே இருந்தால் சேர்க்காதே, 'வந்துவிட்டது' என்று மட்டும் பதில் சொல். அவ்வளவுதான். மேனேஜர் பேக்கிங்குக்கே வந்தார், நம்பவில்லை. "இன்னிக்கு சரியாகும், நாளைக்கு வேற ஒண்ணு வரும். வேணாம்ப்பா" என்றார்.

அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "சார், இன்னிக்கு நான் ரெண்டும் பண்றேன். ஸ்கேனரும் அடிக்கிறேன், ஷிஃப்ட் முடிஞ்சி கையாலயும் டைப் பண்றேன். ஒத்துப்போச்சின்னா தம்பி பண்ணத அப்டியே வுட்டுடுங்க."

மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அக்கா, பஸ் போயிடுமே. பாப்பா?"

"ஒரு நாளுதானே, பக்கத்து வூட்டுக்குப் போன் பண்ணி சொல்லிக்கிறேன். நீ இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? போய் டீ வாங்கினு வா."

ஷிஃப்ட் முடிந்தது. பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் தலை நிமிரவில்லை. ஒற்றை விரலால் டைப் செய்துகொண்டிருந்தார். ரூம்மேட்டும் போகவில்லை. அடுக்கிய பெட்டிகளின் எண்களை நான் வாசிக்க, "ஆறா எட்டால? வெளங்கச் சொல்லு" என்று என்னை அதட்டிக்கொண்டே அவன் கூடவே சரிபார்த்தான். பிறகு மேனேஜர் வந்து ஸ்கேனர் பட்டியலையும் டைப் செய்த பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு கீழிருந்து மேலாக. "சரி, ஓடட்டும்" என்றார்.

மகள் வெளியே காத்திருக்கக் கூடாது என்றுதான் அந்த வேலையே தொடங்கியது. அது நிலைக்க, அந்த மகளை இன்னும் ஒருநாள் அவர் காக்க வைத்தார். எனக்காக அப்படி ஒன்றை அதுவரை வெளியாள் யாரும் செய்ததில்லை.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். "இன்னா தம்பி, மறுபடியும் குட்டி போட்டுச்சா?"

"இல்லக்கா, நல்லா ஓடுது. சும்மா பாக்க வந்தேன்."

"அடப் பாவி! எனக்கு நெஞ்சே நின்னுடுச்சி. போ, போய் சாப்புடு."

நன்றி சொல்லத்தான் போயிருந்தேன். அவர் திரும்பவும் உட்கார்ந்தார். டிரைவர் பஸ்ஸை எடுத்தார்.