ஒரு பிடி விதைச் சாமை

அன்று வந்தவர்கள்: எங்கள் ஊர் நாட்டாமை. அவர் மகன், பெருங்களத்தூரில் டைல்ஸ் ஒட்டுகிறவன். பூசாரி, தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். சென்ட்ரிங் வேலைக்காரர்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பி. என் கொழுந்தன், கூட்டம் நடந்த கட்டடத்துக்கு அவன்தான் வாட்ச்மேன். கடைசியாக நான். சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டில் சமைக்கிறேன். என் வீட்டுக்காரர் செத்த பிறகு எங்கள் வீட்டுக்குத் தலைக்கட்டு நான்.

கட்டடம் பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில். பாதிதான் எழும்பியிருந்தது. கார் நிறுத்தப் போகிற இடத்தில் சிமெண்ட் மூட்டை மேல் நாட்டாமை உட்கார்ந்தார். ஊர்க் கூட்டத்தில் செருப்பு கூடாது. கேட் பக்கம் கழற்றிவிட்டு வந்தோம். ஜல்லி குத்தியது. மலையில் முள் மேல் நடந்த கால்கள்தான்.

மலை என்றால் ஜவ்வாது மலை. சாமை விதைக்கிற ஊர். மழை மாறிப் போனது. விதைக்கிற நேரத்தில் வராது, கதிர் முற்றும்போது வந்து கொட்டும். மிஞ்சியதைப் பன்றி தின்னும். ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு இறங்கினோம். என் அக்கா இறங்கவில்லை. அவளையும் என்னையும் ஒரே ஊரில்தான் கொடுத்தார்கள். அவள் புருஷன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனான், திரும்பவில்லை. அவள் இரண்டு ஆட்டையும் ஊற்றுத் தண்ணீரையும் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

அந்த ஊற்றைத்தான் கேட்டார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுதி கட்ட ஒருவர் வந்தார். ஊற்றையும் அதைச் சுற்றியிருக்கிற ஊர்ப் பொதுக் காட்டையும் நீண்ட குத்தகைக்குக் கேட்டார். வீட்டுக்கு வீடு பங்கு என்றார். ஊற்று போனால் அக்கா அங்கே இருக்க முடியாது. எனக்கு அது ஒன்றுதான் கவலை.

ஊர்ப் பொதுவைக் கொடுக்க எங்களிடம் ஒரு முறை உண்டு. நடுவில் முறம் வைப்பார்கள். ஒவ்வொரு தலைக்கட்டும் ஒரு பிடி சாமை போட வேண்டும். ஒரு வீடு போடாவிட்டாலும் பேச்சு கலைந்தது. போட்டதைக் கோயில் காட்டில் விதைப்பார்கள். முளைத்தால்தான் வாக்கு. அதனால் உமியோடு இருக்கிற விதைச் சாமைதான் போடுவது.

நாட்டாமை மகன் ஒரு பாக்கெட்டை எடுத்தான். சூப்பர் மார்க்கெட் சாமை அரிசி. தீட்டினது. நான் வேலை செய்கிற வீட்டில் சாருக்குச் சுகர், அந்தப் பாக்கெட்டைத்தான் தினமும் பொங்குகிறேன். முறமும் இல்லை. கலவை அள்ளுகிற சட்டியைக் கொழுந்தன் கழுவி வைத்தான்.

ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். பெங்களூரில் இருக்கிறவர்களுக்கும் திருப்பூரில் இருக்கிறவர்களுக்கும் போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்டார்கள். சரி என்றார்கள். அவர்களுக்காகவும் நாட்டாமை மகனே போட்டான். பாக்கெட் காலியானது. இன்னொன்றைப் பிரித்தான்.

என் முறை வந்தது.

“இது அரிசி. முளைக்காது,” என்றேன்.

“இன்னா அண்ணி, இங்க யாரு ஏர் கட்டப் போறா? சும்மா போடு,” என்றான் கொழுந்தன்.

“முளைக்காத சாமைல இன்னா வாக்கு?”

நாட்டாமை மகனுக்குக் கோபம் வந்தது. “இவங்க போட்டாதான் ஆவுமா? இவங்க வூடு பூட்டிக் கீது. அடுப்பெரியாத வூட்டுக்கு ஊர்ல பேச்சு கெடையாது. முறை பேசறாங்க இல்ல? இதுவும் முறைதான்.”

அது நிஜம். ஒரு வருஷம் அடுப்பு எரியாத வீடு கணக்கில் வராது.

நாட்டாமையைப் பார்த்தேன். “சரி மாமா. அடுப்பெரியற வூட்ட மட்டும் எண்ணுங்க. உங்க வூட்ல எரியுதா?”

அவரும் மகனோடு வந்து தங்கிவிட்டவர்தான். 

சென்ட்ரிங் தம்பி சொன்னான், “காஸ் அடுப்பு கணக்குல வருமா மாமா? எங்கூட்ல சூப்பரா எரியுது.”

சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. விரல் மடக்கி எண்ணினார். மூன்றோடு விரல் நின்றது. அதில் ஒன்று அக்கா வீடு.

“அப்போ மேலயே போயி கேப்போம்,” என்றார் நாட்டாமை. “அந்த மூணு வூடு போட்டா போதும்.”

சட்டி அரிசியைக் கொழுந்தன் எடுத்துப் போய்க் கஞ்சி வைத்துக் குடித்தான்.

அக்கா போட மாட்டாள் என்று நான் தைரியமாக இருந்தேன்.

அடுத்த வாரம் ஏறினோம். கோயில் முன்னால் முறம் வைத்தார்கள். மூன்று வீட்டாரும் வந்தார்கள். அக்கா முந்தானையில் முடிந்திருந்த விதைச் சாமையை அவிழ்த்தாள். முதல் பிடி அவள் போடுவதாக இருந்தது.

அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். “யக்கா, ஊத்து போயிடும்.”

“அது எப்பவோ போச்சு. தை மாசமே வத்திடுது. அப்பறம் கீழ் ஓடைக்குப் போறேன். இடுப்பு ஒடஞ்சி போச்சு. நீ வந்து ஒரு கொடம் தூக்கினியா?”

அவள் கையை விட்டேன்.

“விடுதிக்காரன் வாசல்ல கொழா போட்டுத் தரேன்றான். உன் பேச்சக் கேட்டா எனக்குத் தண்ணி வருமா?”

போய் முறத்தில் போட்டாள். நாட்டாமை மகன் என்னைப் பார்த்துச் சொன்னான், “முளைக்கிற சாமைதான் அண்ணி. பாத்துக்க.”

முளைக்கத்தான் செய்தது. கதிர் வந்ததும் பன்றி தின்றது.

அக்கா வாசலில் குழாய் வந்தது. போன் பண்ணித் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்கச் சொன்னாள். விடுதியில் நீச்சல் குளம் கட்டினார்கள். பிறகு குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தது. பிறகு வரவில்லை. ஊற்றைச் சுற்றிக் கம்பி வேலி. கேட்கப் போனவளை விடுதி வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினான். அவனும் எங்கள் மலைக்காரன்தான்.

ஆடுகளை விற்றுவிட்டு அக்கா தாம்பரத்தில் வந்து இறங்கினாள். கையில் ஒரு மூட்டை. விதைச் சாமை. எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் அறை பீர்க்கன்கரணையில், தாழ்வான தெருவில், தரைத்தளம். மூட்டையைக் கட்டில் அடியில் வைத்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. நான் சிட்லபாக்கத்தில் மாட்டிக்கொண்டேன். போன் பண்ணினேன். தண்ணீர் வாசல்படிக்கு வந்துவிட்டது என்றாள்.

“மாடிக்குப் போ. மூட்டையைத் தூக்கிக்கோ.”

“எதுக்கு? மழை விட்டா ஓடிடும்,” என்றாள்.

மலையில் அப்படித்தான். எவ்வளவு வந்தாலும் இறங்கிப் போய்விடும். அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது அது. இங்கே இறங்க இடமில்லை. இங்கேதான் எல்லாம் இறங்கி வருகிறது.

நான் வந்து சேர்ந்தபோது அவள் கட்டில் மேல் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். முழங்கால் தண்ணீர். இன்னும் ஓடும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாளில் தண்ணீர் வடிந்ததும் மூட்டையைப் பிரித்தோம். முழுக்க முளைத்திருந்தது. அக்கா ஒரு பிடி எடுத்துப் பார்த்தாள்.

“ஒண்ணுகூடச் சொத்தை இல்ல பாரு,” என்றாள்.

ஏரிக்கரையில் கொண்டுபோய்க் கொட்டினோம். மாடு வந்து தின்றது.

இப்போது ஒரு வருஷத்துக்கு மேலாக என்னோடுதான் வேலைக்கு வருகிறாள். நான் சமைக்கிறேன், அவள் பாத்திரம் தேய்க்கிறாள். சாருக்குச் சாமைக் கஞ்சி அவள்தான் ஆற்றிக் கொடுக்கிறாள். அது எங்கே விளைகிறது என்று சார் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

போன வாரம் மறுபடியும் கூட்டம். விடுதிக்காரருக்குக் கோயில் காடும் வேண்டுமாம், வண்டி நிறுத்த. அக்கா போகவில்லை. நானும் போகவில்லை. கொழுந்தன் போய்விட்டு வந்தான்.

“யார் யார் போடணும்?” என்று கேட்டேன்.

“அடுப்பெரியற வூடுங்கதான் அண்ணி. நீ சொன்ன முறைதான்.”

“எத்தினி வூடு?”

“ரெண்டு.”