உம்மா கொண்ட நித்திரை

காத்தான்குடியில் றபீக்கா என்று கேட்டால் தெருவுக்கு இரண்டு பேர் வருவார்கள். குவைத் றபீக்கா என்று கேட்டால்தான் நம் ஆள் வருவாள். அவள் குவைத்தை விட்டு வந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. பெயர் மட்டும் அவளை விட்டபாடில்லை. அதை மாற்றிவிட வேண்டும் என்று அவளும் கொஞ்சநஞ்ச முயற்சியா செய்தாள்! புடவைக் கடையில் துணியை விரிப்பதற்கு முன்னமே பேச்சு பிளைட்டுக்குப் போய்விடும். "நம்மட றம்ஸீன் பிளைட்டில வேல தானே. முன்னுக்கு, பெரிய ஆக்கள் போற இடத்தில" என்பாள். மீன் விற்பவர் மீனை வெட்டிக்கொண்டே, அக்காவைத் தாத்தா என்கிற ஊர் வழக்கில், "ஓம் தாத்தா, போன கிழமையும் சொன்னீங்க" என்பார். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்?

ஒரு கேள்விக்கு மட்டும் அவள் குரல் ஏறும். "அதுக்குள்ள குடிவகையெல்லாம் குடுப்பாங்களாமே?" என்று யாராவது இழுத்தால் போதும். "அது வேற ஆக்கள்ற வேல. நம்மட பொடியன் அந்தப் போத்தலத் தொடுறல்ல. சாப்பாடு குடுக்கிறது மட்டுந்தான்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள். ஒன்பது வருடத்துக்கு முன், வேலை கிடைத்த அன்று றம்ஸீன் அவளிடம் சொன்ன வார்த்தை அது. அதை நம்பித்தான் அவனைப் போகவிட்டாள். அவனுக்கு ஷஸ்னாவைப் பெண் பேசிய வீட்டிலும் அதே வார்த்தையைத் தன் வாயால் சொல்லி, அதற்குத் தான் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த வருடம் லண்டனில் இருக்கும் மகள் நிஸ்றாவுக்குப் பிரசவ மாதம் நெருங்கியது. உம்மா வராவிட்டால் ஆசுபத்திரிக்கே போகமாட்டேன் என்று அவள் போனில் ஒரே அழுகை. றபீக்காவுக்கோ முதுகு சரியில்லை. குவைத்தில் எட்டு வருடம் குனிந்து குனிந்து போன முதுகு. ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தாலே பிடித்துக்கொள்ளும். றம்ஸீன் தன் வேலைச் சலுகையில் அவளுக்கு டிக்கெட் எடுத்தான். வளைகுடாவில் விமானம் மாறி, அங்கிருந்து லண்டனுக்கு அவன் வேலை செய்கிற விமானம். அவனுடைய பகுதியிலேயே இடம். "உம்மா, கட்டில்ல படுத்துக்கொண்டே போகலாம்" என்றான். ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்த இடத்தில் அவளே போய் உட்காரப் போகிறாள்! சந்தோசத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மகனுடைய குரலில் இருந்த தயக்கம் அவள் காதில் விழவேயில்லை.

அன்று காலை லண்டன் விமானத்தின் வாசலில் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்ற ஒருவருக்கு மரியாதையாக ஸலாம் சொன்னாள். பதில் ஸலாம் சொன்ன குரலைக் கேட்டுத்தான் அது தன் பிள்ளை என்று கண்டாள். "மாஷா அல்லாஹ், கண்ணு பட்டிரும்டா மனே" என்று அவன் கன்னத்தைத் தடவப் போனாள். அவன் சிரித்துக்கொண்டே அவளைக் கூட்டிப்போய் ஜன்னலோரம் இருத்தினான்.

அதை ஆசனம் என்பதா, அறை என்பதா? காலை நீட்டினால் முன்னுக்கு ஒன்றும் முட்டவில்லை. றம்ஸீன் குனிந்து அவள் செருப்பைக் கழற்றி, மெத்தென்ற வேறொரு செருப்பைப் போட்டுவிட்டான். "விடுடா, ஆக்கள் பாக்காங்க" என்று அவள் காலை இழுத்துக்கொண்டாள். பொத்தான் ஒன்றைக் காட்டி, இதை அமத்தினால் ஆசனம் படுக்கையாகும், இதை அமத்தினால் எழும்பும் என்றான். அவன் அந்தப் பக்கம் போனதும் இரண்டு தரம் படுத்து இரண்டு தரம் எழும்பிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை என்பது அவள் நினைப்பு.

கொஞ்ச நேரத்துக்கு மறுகா அவன் வந்து முன்னாலிருந்த திரையில் தொழும்போது முகம் திருப்பும் கிப்லா எந்தப் பக்கம் என்று காட்டும் படத்தைப் போட்டுக் கொடுத்தான். நடுப்பகல் ளுஹர் தொழுகைக்கு முகம் கைகால் கழுவி ஒழு எடுக்கிற வேலையை அவள் விமான நிலையத்திலேயே முடித்திருந்தாள்.

"அப்ப நித்திரை கொள்ளப்படாது உம்மா. படுத்து நித்திரை கொண்டா ஒழு முறிஞ்சிரும்" என்று கண்ணைச் சிமிட்டினான்.

"எனக்கே படிப்பிச்சுத் தாறியா? உனக்கு அத அடிச்சுச் சொல்லித் தந்தது ஆரு?"

"நீங்கதான். அடியும் ஞாபகம் இரிக்கி." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினான். "உம்மா, உங்கட பக்கம் ஒரு பிலிப்பீன் பிள்ள பாக்கும். நான் அங்கால் பக்கம். சாப்பாடு மட்டும் நானே கொண்டு வருவன்."

அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. மகன் தன்னைக் கவனிப்பதை ஏழு மணித்தியாலமும் கண்ணாரப் பார்க்கலாம் என்றல்லவா வந்தாள்! ஆனாலும் வேலை வேலைதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். சாப்பாட்டு அட்டையில் ஆட்டிறைச்சிச் சோறு இருக்கிறதாம். அதற்காகவே காலையில் ஒரு துண்டு றொட்டியோடு வயிற்றை வெறுமையாக வைத்திருந்தாள்.

விமானம் ஏறி ஒரு மணித்தியாலம் இருக்கும். வெள்ளைத் துணி விரித்துச் சாப்பாடு கொடுக்கத் தொடங்கிய நேரம், பின் பகுதியில் யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று அந்தப் பிலிப்பீன் பெண் ஓடினாள். இரண்டு பக்கத்தையும் றம்ஸீன்தான் பார்க்க வேண்டியதாகிவிட்டது. றபீக்காவுக்கு வாயெல்லாம் பல். இனி மகன் தன் பக்கம் வருவான் என்று திரைச்சீலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தான். கையில் போத்தல் இருந்தது.

அவளுக்கு முன் வரிசையில், நடைபாதைக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். றம்ஸீன் அவருக்குப் பக்கத்தில் நின்று, போத்தலின் கழுத்தில் வெள்ளைத் துணி சுற்றி, அதன் முகத்தை அவருக்குக் காட்டினான். கொஞ்சம் ஊற்றிவிட்டுக் காத்திருந்தான். கிழவர் தலையாட்டியதும் கிளாஸை நிரப்பி, ஒரு சொட்டும் சிந்தாமல் மணிக்கட்டை ஒரு திருகு திருகி நிமிர்த்தினான். முதல் தரம் செய்கிறவன் அப்படிச் செய்யமாட்டான். ஒன்பது வருடப் பழக்கம் அந்த மணிக்கட்டில் தெரிந்தது.

யா அல்லாஹ்! புடவைக் கடையும், மீன்காரரும், ஷஸ்னாவின் வீடும் வரிசையாக றபீக்காவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள்! ஒன்பது வருடமாகத் தன்னைப் பொய்க்காரியாக்கி வைத்திருக்கிறானே என்று கோபம் பொங்கி வந்தது.

அந்த நேரத்தில் அவன் பக்கவாட்டாகத் திரும்பினான். முகம் தெரிந்தது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கண்ணில் மட்டும் பயம். ஏழு வயதில் பள்ளிக்கூடத்துச் சிலேட்டை உடைத்துவிட்டு வாசலில் நின்றவனுடைய அதே கண். உம்மா பார்த்துவிட்டாளா என்று திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு, பார்க்காமலும் இருக்க முடியாமல் தவித்தான். இதோ திரும்பப் போகிறான். இவள் கண்ணும் அவன் கண்ணும் சந்தித்துவிட்டால், இனி அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் உம்மாவின் முகத்தை நேரே பார்க்கமாட்டான்.

றபீக்காவுக்கு ஹமீடின் ஞாபகம் வந்தது. அவளுடைய தெருக்காரன், குவைத்தில் சாரதியாக இருந்தவன். புருசன் ஜிப்ரி நெஞ்சுவலியில் போனபின், இரண்டு பிள்ளைகளையும் கூடப்பிறந்த தாத்தாவிடம் விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போன வீட்டுக்கு ஒரு நாள் சாமான் கொண்டு வந்தான். அவள் நிலத்தில் முழங்காலில் நின்று வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரி தலைக்கு மேல் நின்று ஏசிக்கொண்டிருந்தாள். பிள்ளைகளுக்கு அவள் எழுதிய கடிதமோ வேறு: "சின்னப் பிள்ளைக்குக் கதை சொல்லுற வேல. என்னக் கதிரையில இருத்தி வெச்சிருக்காங்க." உம்மா நாற்காலியில் இருக்கிறாள் என்றே பிள்ளைகள் நம்பின. ஹமீட் வாசலில் நின்றதைக் கண்டதும் நிலம் பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது அவளுக்கு. அவனோ சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி, அங்கே தொங்கிய கலண்டரை ஏதோ பரீட்சைக்குப் படிப்பவன் மாதிரி படித்தான். அவள் எழும்பிப் போகும் வரைக்கும் திரும்பவில்லை. ஊருக்கு வந்தபின்னும் ஒரு மனுசரிடம் மூச்சு விட்டதில்லை. தெருவில் கண்டால் "சுகமா தாத்தா?" அவ்வளவுதான். அவன் மவுத்தான அன்று அவனுடைய சொந்தக்காரர்களை விட இவள்தான் கூட அழுதாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

மகன் ஊற்றிக் கொடுப்பது பாவமா, இல்லையா என்பதை அவனும் படைத்த றப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தாள். பிள்ளையின் வெட்கத்துக்கு மட்டும் தன்னால் ஏதாவது செய்ய முடியும். படுக்கைப் பொத்தானை அமத்தினாள்.

அடேயப்பா, அந்த ஆசனம் கீழே போக எடுத்த நேரம்! மகன் திரும்பிக்கொண்டிருக்கிறான், அது ஆடி அசைந்து சரிகிறது. பாதியிலேயே போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

காலடி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "உம்மா?" என்று ஒரு மெல்லிய குரல். அவள் மூச்சை மெதுவாக இழுத்து விட்டாள். பிறகு அவன் விட்ட பெருமூச்சு போர்வைக்குள்ளும் கேட்டது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவள் காலை ஒரு கை போர்வையால் மூடிவிட்டுப் போனது. அந்தப் பெருமூச்சைக் கேட்டதும் றபீக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் வராமல் அழுவது குவைத்தில் படித்த பாடம், கைகொடுத்தது.

நாலு மணித்தியாலம் அப்படியே கிடந்தாள். போத்தல் திறக்கிற சத்தம், கிளாஸ் முட்டுகிற சத்தம், "யெஸ் சேர்" என்கிற மகனின் குரல், இப்போது அதில் பயமில்லை. ஆட்டிறைச்சி வாசம் வந்து மூக்கைத் துளைத்தது. வயிறு போட்ட சத்தத்தில் தான் பிடிபட்டுவிடுவோமோ என்று பயந்து, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். காசு உள்ளவர்கள் ஆசைப்பட்டுப் போகிற கட்டிலில் அவளைப் போல் கஷ்டப்பட்டுப் படுத்தவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

எல்லாம் ஒதுக்கி முடித்து, விளக்கைக் குறைத்தபின் எழும்பினாள். றம்ஸீன் ஓடி வந்தான்.

"நல்ல நித்திரை போல உம்மா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி மனே. உலகத்தில நடந்தது ஒண்டும் தெரியா."

அவன் முகம் மலர்ந்தது. "ளுஹர் நேரம் வந்திற்று. நீங்க தொழுங்க, நான் சோத்தச் சூடாக்கிக் கொண்டு வாறன்."

மகனின் முகம் மலர்ந்த சந்தோசத்தில், றபீக்கா முக்காட்டைச் சரிசெய்து, திரையில் கிப்லாவைப் பார்த்து, இருந்தபடியே தக்பீர் கட்டினாள். தொழுது முடித்து இரண்டு தோள் பக்கமும் ஸலாம் கொடுத்துத் திரும்பியபோது, சாப்பாட்டுத் தட்டோடு றம்ஸீன் பக்கத்தில் முழங்காலில் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"உம்மா, ஒழு எடுக்காமலா தொழுதீங்க?"

நித்திரை கொண்டது உண்மையென்றால், இப்போது தொழுதது செல்லாது. எழும்பிப் போய் ஒழு எடுத்து மறுபடி தொழுதால் போதும், மகன் நம்பிவிடுவான். ஆனால் முறையாகத் தொழுத தொழுகையைத் தன் வாயால் இல்லையென்று எப்படிச் சொல்வாள்? மகனுக்காக எத்தனை பொய்யும் சொல்வாள். இதில் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"ஒழு இரிக்கி மனே" என்றாள். "அது முறியல்ல."

அவன் தட்டை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கழுத்துப்பட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. "நாலு மணித்தியாலமா உம்மா... நான் உங்களுக்குச் சொன்ன பொய்..."

"வாயப் பொத்துடா." அவன் தாடையைப் பிடித்துத் தூக்கித் தன் முகத்தைப் பார்க்க வைத்தாள். "நானும் குவைத்தில கதிரையில இருக்கல்ல மனே."

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணை எடுக்கவில்லை. அது போதும் அவளுக்கு.

"கை கழுவினியா?"

"கழுவின உம்மா. மூணு தரம்."

"அப்ப ஊட்டு. பசியில உசிர் போகுது."

கோட்டும் கழுத்துப்பட்டியுமாக முழங்காலில் நின்று, அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து அவன் ஒரு கவளம் ஊட்டினான். றபீக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறுதலாக மென்று விழுங்கினாள்.

"உப்புக் காணா" என்றாள்.