ரஹீம் ஓடிப்போகவில்லை என்று அப்பா நிறுவிய கதை

அப்பாவின் முதலாண்டு நினைவு மலர் என் மடமையோடு தொடங்குவது முறையல்லதான். ஆனால் அதை ஒளித்துவிட்டு அவர் பெருமையை எழுத வழியில்லை. ஆற்றில் மூழ்கி இறந்த ஒருவரை நான் வாள் சண்டையில் சாகடித்தேன். அதுவும் நல்ல ஆங்கிலத்தில், இரண்டு பிரதிகள்.

அப்பா ஆம்பூரை அடுத்த சிற்றூரில் பிறந்தார். தகப்பனாரை இளமையிலேயே இழந்து, தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புக் குழி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே உடன் வேலை செய்தவர் வாணியம்பாடி ரஹீம். இருவரும் ஒரே நாளில் சாப்பர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். பாதை போடுவதும் பாலம் கட்டுவதும் அந்தப் படையின் வேலை. துப்பாக்கியைவிட மம்முட்டியைத்தான் அதிகம் தூக்கினார்கள்.

மகாராணி ஆட்சியில் நடந்த பர்மா யுத்தத்தில் அவர்கள் கம்பெனிக்கு ஆறு கடக்கப் படகு போதவில்லை. மாட்டுத்தோலில் காற்றடைத்து, மேலே மூங்கில் கட்டி மிதவை செய்யும் யோசனையைச் சொன்னவர்கள் இந்த இருவருமே. முடிப் பக்கத்தை உள்ளே திருப்பித் தைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர்களும் அவர்களே. ஒரு காலை, புது மிதவையைச் சோதிக்க ரஹீம் ஆற்றில் இறங்கினார். வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று, உடல் கிடைக்கவில்லை. கம்பெனி அன்றே வேறிடம் நகர்ந்தது. மறுநாள் பெயர் கூப்பிட்டபோது ஆள் இல்லை. கரையில் நின்று பார்த்த சிலரை யாரும் விசாரிக்கவில்லை. ‘ஓடிப்போனவர்’ என்று பதிந்துவிட்டார்கள். அப்பா அப்போது காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தார்.

ஊர் திரும்பிய அப்பா அதே தோல் தொழிலில் மேஸ்திரியாகி, தம்பி தங்கைகளைக் கரையேற்றி, எங்களைப் படிக்கவைத்தார். யாரையும் கடிந்து பேசியதில்லை. ரஹீமின் மனைவியை நாங்கள் பீபிமா என்று அழைப்போம். “உன் புருசன் பர்மாக்காரியோட குடித்தனம் பண்றானாமே” என்று தண்ணீர் எடுக்கும் இடத்தில் அவர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அந்தப் பேச்சை அப்பாவால் தாங்க முடியவில்லை. தாமே கண்ணால் பார்க்காததால், பார்த்தவர்களைத் தேடினார்.

மாதந்தோறும் பென்ஷன் நாளில் பழைய சிப்பாய்கள் வேலூரில் கூடுவார்கள். அப்பா அங்கே போய் ஒவ்வொருவரையும் தனியாகக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போவார். கும்பலில் கேட்டால் முதல் ஆள் சொன்னதற்கே எல்லோரும் தலையாட்டுவார்கள் என்பது அவர் கணிப்பு.

“மிதவைல முடிப் பக்கம் உள்ளயா, வெளியவா?”

“வெளியதான் மேஸ்திரி, நல்லா ஞாபகம் இருக்குது.”

“நீ அங்க இல்ல. காப்பியைக் குடிச்சிட்டுப் போ.”

இப்படிச் சலித்ததில் நான்கு பேர் தேறினார்கள். மனு எழுதும் பொறுப்பை, நாலு புத்தகம் படித்தவன் என்று என்னிடம் கொடுத்தார். மூழ்கிச் சாவது எனக்குச் சப்பென்று இருந்தது. ரஹீம் வாளேந்தி ஏழு பர்மியரைத் தனியாக எதிர்த்து, மகாராணியின் பெயரை உச்சரித்தபடி வீழ்ந்தார் என்று எழுதினேன். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நம்பிக் கையெழுத்திட்டார்.

படை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அந்த நாளில் அந்தப் பக்கம் ஏழு பேரோடு வாள் சண்டை என்ன, எந்தச் சண்டையுமே நடக்கவில்லையாம். பொய் மனுவுக்கு இனிப் பதில் கிடையாதாம். அதை நான்தான் அப்பாவுக்குப் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

“இன்னாடா இது, ஏழு பேரா?”

“கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்னு...”

“அவன் மம்முட்டி புடிச்சவன்டா. வாளு எங்கிருந்து வந்துச்சு?”

அதற்குள் நால்வரில் ஒருவர் காலமாகிவிட்டார். அப்பா மறுபடி புறப்பட்டு ஆலங்காயம், சோளிங்கர் என்று அலைந்து, மற்ற மூவரிடமும் கைரேகை வாங்கினார். இந்த முறை ஒரே பக்கம், தமிழில், தம் கையாலேயே எழுதினார். கடைசி வரி இது: ‘கம்பெனிக் கிடங்கில் ஒரு மிதவை குறைந்தது என்றைக்கு என்று பாருங்கள். அன்றைக்குத்தான் ரஹீமும் குறைந்தார்.’

யாரோ ஒரு துரை உண்மையிலேயே பார்த்தார். மிதவை குறைந்த நாளும் சாட்சிகள் சொன்ன நாளும் ஒன்றாக இருந்தன. ‘ஓடிப்போனவர்’ என்பதை அடித்து, ‘பணியில் ஆற்றில் மாண்டவர்’ என்று திருத்தியதாகக் கடிதம் வந்தது. அப்பா அதை வாணியம்பாடிக்கு எடுத்துப் போய், அதே தண்ணீர் எடுக்கும் இடத்தில் என்னைத் தமிழில் உரக்கப் படிக்கச் சொன்னார். என் வாழ்நாளில் ஒரு சொல்லும் கூட்டாமல் படித்தது அன்றுதான்.

கடைசி மூன்று மாதம் அப்பா படுக்கையில் இருந்தபோதும் தெளிவாகவே பேசினார், சிரமப்படாமல் போனார். அருகிருந்து பார்த்துக்கொண்ட என் தங்கைக்கும், கூப்பிட்டபோதெல்லாம் வந்த டாக்டருக்கும், தோள் கொடுத்த தொழிலாளத் தோழர்களுக்கும், சாட்சி சொன்ன மூவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தக் கட்டுரையைப் பீபிமாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“உங்கப்பாரு நல்லாத்தான் பேஜார் பட்டாரு தம்பி. மொத நாளே நான் சொன்னேன், சாட்சிக்கு ஆவாதுன்னு எழுதிக்கல. சந்தைக்குப் போனா வூட்டுக்குத் திரும்பி வர வழி தெரியாத மனுசன் எங்க வூட்டுக்காரரு. பர்மாவுல எங்க ஓடுவாரு?”