பேரீச்சம்பழத்துக்குப் போன தோசைக்கல்

வரலட்சுமிக்கு வயிற்றெரிச்சல் கூடப் பிறந்தது. தண்டையார்பேட்டையில் அவள் அப்பா வீட்டில் நான்கு பெண்கள். அக்காவின் பாவாடையில் ஜரிகை தன்னுடையதைவிட அரை விரல் அகலம் என்று ஒரு தீபாவளி முழுக்கப் பட்டினி கிடந்தவள் அவள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த அப்பா, பெண் பார்க்க வந்தவர்கள் காதில் விழும்படியே, "இத்த கட்டிக்கினு போறவன் பாவம்" என்பார். அப்படிப்பட்டவளைப் போய் இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்களே, அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது!

மாப்பிள்ளை வேலப்பனுக்கு ராயபுரத்தில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வேலை. மண்ணில் அச்சுப் பிடித்து, உருகிய இரும்பை அதில் ஊற்றிச் சாமான் வார்க்கிறவன். முதல் மனைவி தங்கபுஷ்பம் வாந்திபேதியில் போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. குடி இல்லை, சீட்டு இல்லை என்று தரகர் விரல் மடக்கிச் சொன்னார். பேச்சும் இல்லை என்பதை மட்டும் அந்த மனுஷன் சொல்லவில்லை. 1931 தை மாதத்தில் தாலி கட்டினான்.

வீட்டுக்கு வந்த அன்றே வரலட்சுமி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொருத்தி குடித்தனம் பண்ண வூட்டுக்கு வந்துகீறேன். அது என் தலையெயுத்து. ஆனா அந்தப் பொம்பள பேச்சு இந்த வூட்ல வரக்கூடாது. உன் வாயிலயும் வரக்கூடாது. வந்துச்சி, அன்னிக்கே எங்கப்பன் வூட்டுக்குப் பூடுவேன்."

வேலப்பன் "சரி" என்றான். அந்த ஒரு சொல்லை அவன் கடைசிவரை காப்பாற்றினான். அதுதான் வினையாகப் போனது.

அடுப்படிக்குள் நுழைந்ததும் வரலட்சுமி ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் புதுசு. சட்டி புதுசு, அலுமினியக் குண்டான் புதுசு, அம்மிகூட அப்போதுதான் கொத்தியது. பிள்ளையில்லாமல் ஒரு பெண் செத்துப்போனால், அவளுக்குப் போட்ட சீர் சாமானைப் பிறந்த வீட்டார் எடுத்துப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். திருவொற்றியூரிலிருந்து தங்கபுஷ்பத்தின் அண்ணன் மாட்டு வண்டியோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றிப்போய்விட்டானாம். சனியன் விட்டது என்று வரலட்சுமி மூச்சு விட்டாள்.

அப்போதுதான் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த தோசைக்கல் கண்ணில் பட்டது. நல்ல கனமான வார்ப்பு இரும்பு. கன்னங்கரேலென்று, எண்ணெய் ஊறி ஊறிப் பளபளத்துக்கொண்டிருந்தது. புதுக் கல் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருக்கும் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். இந்தக் கறுப்பு ஒரு நாளில் வருவதில்லை. யாரோ ஒருத்தி உட்கார்ந்து, நூற்றுக்கணக்கில் தோசை வார்த்துப் பழக்கிய கல். யார் அந்த ஒருத்தி? அதைச் சொல்ல ஜோசியரா வரவேண்டும்?

ஆக, அண்டா குண்டா எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அனுப்பிய மனுஷனுக்கு, இது ஒன்றை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. வரலட்சுமிக்கு அடிவயிறு குப்பென்று எரிந்தது.

மறுநாள் காலையில் மாவை ஊற்றினாள். ஓரத்தில் திருப்பியை வைத்ததுமே தோசை தானாக எழும்பி வந்தது. ஒரு பொத்தல் இல்லை, ஒரு கிழிசல் இல்லை. வேலப்பன் ஆறு தோசை சாப்பிட்டான்.

"நல்லா வந்துகீது" என்றான்.

என்னைச் சொல்கிறானா, கல்லைச் சொல்கிறானா? அவள் கேட்கவில்லை. கல்லைத்தான் சொல்கிறான் என்று தானே தீர்ப்பெழுதிக்கொண்டாள்.

அவள் புளியையும் செங்கல்பொடியையும் எடுத்துக்கொண்டு கல்லைத் தேய்க்கப் போன அன்று, வேலப்பன் ஓடிவந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கினான்.

"பித்தளையத் தேய்க்கற மாதிரி இத்த தேய்க்காத. புளி பட்டா ஏறின எண்ணெயெல்லாம் பூடும், துருப் புடிச்சிக்கும். தேங்கா நார் போட்டு லேசா தேச்சி, ஈரத்த ஒத்தி எடுத்துட்டு, ஒரு சொட்டு நல்லெண்ணெய் தடவி வெச்சிடு. சூடா இருக்கசொல்ல பச்சத் தண்ணி ஊத்திடாத, விண்டுக்கும். சப்பாத்திக்கு வேற கல்லு வெச்சிக்கலாம், இதுல மாவு கருகக் கூடாது."

கல்யாணமாகி ஒரு மாசத்தில் அவன் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். கட்டின பெண்டாட்டியிடம் நாலு வார்த்தை பேச நாக்கு எழும்பாத ஆளுக்கு, கல்லைப் பற்றிப் பேச எங்கிருந்து இத்தனை வாய் வந்தது? அதோடு விட்டானா! சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்ததும் கை கால் கழுவிவிட்டு, கல்லை மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய்த் துணியால் சுற்றிச் சுற்றித் துடைப்பான். அவன் விரல் அந்த விளிம்பில் போகிற போக்கைப் பார்க்கப் பார்க்க வரலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வரும். செத்தும் இவனை விடமாட்டேன் என்கிறாளே, பாவி!

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்த ஷம்ஷாத் வேறு எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றினாள். ஒரு நாள் கொடுத்தனுப்பிய தோசையைத் தின்றுவிட்டு, தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தவள், "இன்னா தோசைக்கா இது, பூ மாதிரி கீது! கையி விசேசம் பாதி, கல்லு விசேசம் பாதி. கல்லு ரொம்ப நாள் பயகினது போலகீதே?" என்றாள்.

"ஆமா, பயகினதுதான்" என்று வரலட்சுமி வெடுக்கென்று தட்டை வாங்கிக்கொண்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

வேறெதுவும் அவள் கேட்கவில்லை. நகை கேட்கவில்லை, பட்டு கேட்கவில்லை. அந்த மனுஷன் மனசில் தான் ஒருத்திதான் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அடுப்படியில் தினம் காலையில் அவள் எதிரே இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். தோசை நன்றாக வந்தால் அது அவள் புண்ணியம். கருகினால் இவள் பாவம். இப்படி எட்டு மாசம் ஓடியது.

புரட்டாசியில் ஒரு நடுப்பகல். "பய்ய இரும்பு, ஓட்ட ஒடச பித்தளே... பேரீச்சம்பயேம்!" என்று தெருவில் குரல் கேட்டது. வரலட்சுமி யோசிக்கவேயில்லை. யோசித்திருந்தால் செய்திருக்கமாட்டாள். கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

பழைய இரும்புக்காரன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுண்டிப் பார்த்தான், கணீரென்று மணியாட்டம் ஒலித்தது.

"இன்னாம்மா, சோக்கா கீற கல்லப் போடற? வூட்டுக்காரர் திட்டப்போறாரு."

"உனுக்கு இரும்பு வேணுமா, வாணாவா?"

அவன் வாயை மூடிக்கொண்டு கை நிறையப் பேரீச்சம்பழம் அள்ளிப் போட்டான். வரலட்சுமி அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தின்று கொட்டையைத் துப்பினாள். வயிறு குளிர்ந்தது. எட்டு மாசத்தில் அன்றைக்குத்தான் அது அவள் அடுப்படியாக இருந்தது.

சாயங்காலம் வேலப்பன் வந்து கையலம்பிவிட்டுச் சுவரோரம் பார்த்தான்.

"கல்லு எங்க?"

"கைதவறி அம்மி மேல வுட்டுட்டேன். ரெண்டா பூட்ச்சி. பய்ய இரும்புக்காரன் வந்தான், போட்டுட்டேன்."

அவன் எண்ணெய்த் துணியைக் கையில் எடுத்திருந்தான். அதை அப்படியே மடித்து மாடத்தில் வைத்தான். "கால்ல கீல்ல வுயலயே?" என்று கேட்டான். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பாரேன், செத்தவளுக்காகத் துக்கம் காக்கிறான் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அந்த வாரமே வண்ணாரப்பேட்டைக்குப் போனாள். இரும்புக் கடை லியாகத் அலி பாய் நாலு கல்லை எடுத்துப் போட்டார்.

"தங்கச்சி, இத்த எடு. கனமா கீது, சூடு ஒரே சீரா நிக்கும். மேல சொரசொரன்னு இருந்தா பயப்படாத, எண்ணெயக் குடிச்சிக்கினு தானா வயவயப்பாயிடும். தட்டிப் பாரு, சத்தம் சுத்தமா கீதா? கீறல் இருந்தா சொத்தையா கேக்கும்."

வரலட்சுமி தட்டிப் பார்க்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாய், இத்த இதுக்கு முன்ன எவளாவது வெச்சிக்கினு இருந்தாளா?"

"இன்னாம்மா பேசற! புத்தம் புதுசு."

போன கல்லுக்குக் கொஞ்சமும் ஒத்துவராததாக, மெல்லிசாக, இருப்பதிலேயே வெளுப்பாக ஒன்றைப் பொறுக்கினாள். "மூணு நாள் அரிசி கயுவின கயனித் தண்ணில ஊறப்போடு, தெனம் தண்ணி மாத்து, அப்புறம் வெளக்கெண்ணெய் தடவி சின்ன தீயில காய வெச்சி, வெங்காயத்த அறுத்துத் தேய்" என்று பாய் கத்தியது அவள் முதுகுக்குத்தான் கேட்டது. மூன்று நாள் காத்திருக்க அவளுக்குப் பொறுமை ஏது? மறுநாள் காலையிலேயே கல்லைப் போட்டு மாவை ஊற்றினாள்.

பிடித்துக்கொண்டது பாருங்கள்! பல்லில் ஒட்டிய சவ்வுமிட்டாய்கூட வந்துவிடும், அந்தத் தோசை வரவில்லை. சுரண்டினாள். சுரண்டியது கருகியது. கருகியதைப் புளி போட்டுத் தேய்த்தாள். தேய்த்தது துருப்பிடித்தது. மறுநாளும் அதே கதை. யாரிடமாவது யோசனை கேட்கலாமென்றால், "முன்ன இருந்தவ எப்பிடிச் செய்வா தெரியுமா" என்று ஒருத்தி ஆரம்பித்துவிடுவாளோ என்று பயம். வேலப்பன் பிய்ந்த துண்டுகளைக் குழம்பில் பிசைந்து சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டாததும் அவள் கணக்கில் அந்தப் பொம்பளைக்காகத்தான்.

பொங்கலுக்குத் திருவொற்றியூரிலிருந்து ஆள் வந்தது. முதல் தாரத்தின் அம்மா, இரண்டாவதாக வந்தவளைத் தன் மகளாக நினைத்துக் கூப்பிட்டுப் புடவை வைத்துக் கொடுப்பது வழக்கம். தீபாவளிக்கே கூப்பிட்டார்கள். வரலட்சுமி தலைவலி என்று படுத்துக்கொண்டாள். இந்தத் தடவை போனாள். அன்பால் அல்ல. அப்படி என்னதான் பெரிய ரதி அவள், படமாவது இருக்குமா, பார்த்துவிடவேண்டும் என்ற எரிச்சலால். வேலப்பனுக்குப் பட்டறையில் வேலை இருந்தது, தனியாகத்தான் போனாள்.

படம் எதுவும் இல்லை. அந்த அம்மாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அடுப்பில் ஒரு தோசைக்கல்லைப் போட்டாள். தேய்ந்து, ஒரு காது உடைந்த கல்.

"துன்னு கண்ணு. இது எம்பொண்ணுக்கு நாங்க சீரா போட்ட கல்லு. அவ பூட்டப்புறம் சாமானோட சாமானா இதுவும் திரும்பி வந்துட்ச்சி. மாப்ள ஒரு கரண்டிகூட வெச்சிக்கல."

வரலட்சுமியின் கை தட்டிலேயே நின்றது.

"இதுவா? அவங்க... அங்க தோச சுட்ட கல்லு இதுவா?"

"இதேதான். சுட்டா எங்க சுட்டா! அதுக்குத் தோசயே வராது, பாவம். நூறு தபா சொல்லிக் குடுத்தேன். பிச்சிப் பிச்சிப் போடும். மாப்ள கடையிலதான் வாங்கித் துன்னுவாரு." அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அதனாலதானோ இன்னாவோ, உன்ன பேசி முடிச்சப்ப வந்து சொன்னாரு. 'அத்தே, வர்ற பொண்ணு புதுக் கல்லோட மல்லுக்கட்டக் கூடாது, நானே ஒண்ணு வார்த்துப் பயக்கிகினு கீறேன்'னு. நல்லா வருதா, அந்தக் கல்லு?"

வரலட்சுமி என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. புடவையை வாங்கினாளா, விழுந்து கும்பிட்டாளா, எதுவும் நினைவில்லை. ஏறின ஜட்கா வண்டியை ராயபுரத்துக்கு நேராகப் பட்டறைக்கே விடச் சொன்னாள். அங்கே வேலை விடுகிற நேரம். வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த சுப்புராஜ், வேலப்பனோடு அச்சுப் பிடிக்கிறவன், அவளைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தான்.

"யோவ் தோச மேஸ்திரி! உன் சம்சாரம் வந்துகீது!"

"அது இன்னா பேரு, தோச மேஸ்திரி?" என்றாள் வரலட்சுமி.

"உனுக்குத் தெரியாதாம்மா? கண்ணாலத்துக்கு முன்ன ரெண்டு மாசம் பேஜாரு பண்ணிட்டான். தோ, அந்தச் சுவராண்ட மூணு செங்கல்ல அடுப்பாக் கூட்டி, சோத்து வேளையில தெனம் தோச. கருகினதெல்லாம் எங்க வாயிலதான். எனுக்கு வயித்தால போயி ஒரு நாள் சம்பளம் பூட்ச்சி!"

வேலப்பன் மேலெல்லாம் மண்ணோடு வெளியே வந்தான். சுப்புராஜ் நகர்ந்துகொண்டான்.

"கல்லு ஒடயலய்யா" என்றாள் வரலட்சுமி. "முய்சா கீற கல்லத் தூக்கிப் போட்டேன். அவங்க கல்லுன்னு நெனச்சேன். வயித்தெரிச்சல்ல போட்டேன். பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றான்.

"தெரியுமா?"

"அந்த இரும்புக்காரன் இங்கதான் கொணாந்து போடறான். மறுநாளே வந்துட்ச்சி. நான் வார்த்தது எனுக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன்யா வூட்டுக்குக் கொணாரல? என்ன நாலு அற அறைஞ்சிக் கேக்கறதுதான?"

"வாணாம்னு போட்டவகிட்ட இன்னான்னு சொல்லிக் கொணார்றது? கல்லு கதயச் சொன்னா அவ பேச்சும் வரும், அது வரக்கூடாதுன்னு நீதான சொன்ன. கல்லப் போட்டதும் என்னியே வாணாம்னு சொல்றதா நெனச்சிக்கினேன்."

"எங்கய்யா அது இப்ப?"

வேலப்பன் உலைப் பக்கம் பார்த்தான். "பய்ய இரும்ப ஒடச்சாதான் உள்ள போடமுடியும். சம்மட்டியால அடிச்சி ஒடச்சி, அன்னிக்கே உருக்கியாச்சி."

"எந்தப் படுபாவி ஒடச்சான் அத்த?"

"நான்தான்" என்றான் வேலப்பன். "வேற எவன் கையிலயும் குடுக்க மனசு வரல."

வரலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பட்டறை வாசல் என்றும் பாராமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.