அத்தையின் கல் பாட்டில்

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், ராஜபாளையத்தில் ஏறிய பெண் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

"பித்தப்பையில கல்லாம்க்கா. டாக்டரு கழுத்தத் தடவிப் பாத்துட்டு தைராய்டு டெஸ்ட் எடுக்கச் சொல்லுதாரு! கல்லு வயித்துலல்லா இருக்கு?"

"தைராய்டு கொறஞ்சாலும் கல்லு சேருமாம். அந்த டெஸ்ட்ட எடுத்துருங்க" என்றேன்.

தொண்ணூறுகளில் என் அத்தைக்குப் பித்தப்பைக் கல்லை மட்டும் எடுத்தார்கள்; தைராய்டை யாரும் பார்க்கவில்லை. மாமா அதை பாட்டிலில் போட்டு, வந்தவர்களிடமெல்லாம் குலுக்கிக் காட்டினார்.

"அரிசியில கல்லு பொறுக்காம பொங்குனா இப்படித்தான்" என்று அவர்கள் அத்தையை வைதார்கள்.

கழுத்து வீங்கி, குரல் கரகரத்து, சித்திரை வெயிலிலும் போர்வைக்குள் நடுங்கினாள் அத்தை.

"கல்லத்தான் எடுத்தாச்சே, இன்னும் என்னட்டி படுக்கை?" என்றார் மாமா.

அந்தப் படுக்கையிலிருந்து அவள் எழுந்திருக்கவே இல்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அந்தப் பெண் கேட்டாள்: "எடுத்த கல்ல நம்ம கையிலயே குடுப்பாகளாமே?"

எங்கள் பீரோவைத் திறந்தால் அத்தையின் பாட்டில் இன்னும் குலுங்குகிறது. உங்கள் வீட்டில் அப்படியொரு பாட்டிலை எங்கே வைத்திருக்கிறீர்கள்?