பாகூர் ஏரிக்கரையில் ஓர் ஆபீஸ் மீட்டிங்

காலை பத்தரைக்கு வில்லியனூர் ஸ்டேஷனில் இறங்கினேன். தை மாதத்து வெயில், பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த மாதிரி இருந்தது. அமலா வெளியே ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள். இரண்டு வருடமாக ஒரே கம்பெனியில், ஒரே குழுவில், அவரவர் வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறோம்; நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. திரையில் தோள் வரைக்கும் பார்த்துப் பழகியவள், என்னைவிட ஒரு சாண் உயரமாக இருந்தாள்.

“இன்னாக்கா, இவ்ளோ குள்ளமா இருக்கீங்க!” என்றாள். அவளுக்கும் அதே அதிர்ச்சிதான்.

போனில் பணம் அனுப்பும்போது, ‘மன்னிக்கவும், ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, மீண்டும் முயலவும்’ என்று வருமே, அந்த மாதிரி வாசகங்களைத் தமிழில் எழுதுவது எங்கள் பிழைப்பு. வாழ்க்கையில் ஒருவரும் என்னிடம் அப்படி மன்னிப்புக் கேட்டதில்லை. அந்தத் தமிழ் சரியா, தப்பா என்று நாங்கள் மீட்டிங்கில் பேசுவது ஆங்கிலத்தில். மேனேஜர் உட்பட ஆறு பேரும் தமிழர்கள். இது யார் போட்ட சட்டமோ தெரியவில்லை.

அடுத்த மாதம் முதல் எல்லோரும் சென்னை ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று மெயில் வந்திருந்தது. அமலாவின் கணவருக்குத் திருபுவனைப் பக்கம் ஷிப்ட் வேலை. மகளுக்கு நான்கு வயது. அவளால் ஊரையும் விட முடியாது, சம்பளத்தையும் விட முடியாது. மூன்று மணிக்கு மேனேஜரிடம் பேச வேண்டும். “தனியா பேச ஒதறுதுக்கா, பக்கத்துல வந்து குந்திக்கினா போதும்” என்று கேட்டிருந்தாள். அதற்காகத்தான் வந்தேன்.

ஸ்டேஷன் எதிரில் டீ பன்னிரண்டு ரூபாய். எனக்குச் சர்க்கரை குறைவாகக் கேட்டேன். “சக்கரை கம்மின்னா அப்புறம் இன்னாத்துக்குமா டீ?” என்றார் கடைக்காரர். அவர் போட்டபடியே குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது.

ஏம்பலம் வழியாகப் பாகூர் சுமார் பதினைந்து கிலோமீட்டர். முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் அசைந்து அசைந்து போனது. அமலா அதை முந்தவே இல்லை. இரண்டு பக்கமும் நெல் முற்றிக்கொண்டிருந்தது. வாகனம் ஓடுகிறதா, வயல் ஓடுகிறதா என்று தெரியாத ஒரு மயக்கத்தில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் வீட்டில் கெளுத்திக் குழம்போடு சாப்பிட்டதும் அந்த மயக்கம் இன்னும் கூடிவிட்டது.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை ஏறினாள். வீட்டில் சிக்னல் கிடைக்காதாம். புங்கமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அவள் அதில் உட்கார்ந்ததும் எனக்குப் புரிந்தது. இரண்டு வருடமாகத் திரையில் அவளுக்குப் பின்னால் நாங்கள் பார்த்தது இந்தத் தண்ணீரைத்தான்.

“அப்ப அது பின்னணிக்கு நீ போட்ட படம் இல்லையா?”

“படமா? இன்னாக்கா சொல்றீங்க?”

குழுவில் எல்லோருமே அதைப் படம் என்றுதான் நினைத்திருந்தோம். இந்தப் பெண் ஒரே படத்தை வைத்துக்கொண்டு மாற்றவே மாட்டேன் என்கிறாளே என்று கிண்டல்கூடச் செய்திருக்கிறோம்.

நான் கேமராவில் படாமல் வேரில் உட்கார்ந்துகொண்டேன். மேனேஜர் திரையில் வந்ததும் ஆங்கிலத்தில் சொன்ன முதல் வார்த்தை, முக்கியமான பேச்சு, முதலில் பின்னாலிருக்கும் அந்தப் படத்தை நீக்கு என்பது. அமலாவுக்கு அந்த நேரத்தில் ஆங்கிலம் வரவில்லை. சட்டென்று லேப்டாப்பைத் தூக்கி ஏரியை ஒரு சுற்றுக் காட்டினாள். கரையோரம் வாத்து ஓட்டிக்கொண்டு போனவர் திரைக்குள் எட்டிப் பார்த்து, “யாரும்மா அது?” என்றார்.

போச்சு என்று நினைத்தேன். மேனேஜர் தமிழில் கேட்டார்: “தண்ணி எது வரைக்கும் நிக்குது?”

“கலங்கல் வரைக்கும் சார். ரொம்பி வழிஞ்சிகினு இருக்குது.”

“எங்க ஊர்லயும் ஏரி இருந்துச்சு. விழுப்புரம் பக்கம். இப்ப அதுல ப்ளாட் போட்டு வித்துட்டாங்க.”

அமலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “சார், என் வேலையில கொறை இருந்தா சொல்லுங்க. இல்லன்னா என்னை இங்கயே வுட்டுடுங்க சார்.”

“மாசம் ரெண்டு நாள் ஆபீஸ் வாம்மா. மத்த நாள் அங்கயே இரு,” என்றார் மேனேஜர். அவள் லேப்டாப்பை மூடிவிட்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

மாலையில் பாகூரில் பஸ் ஏற்றிவிட்டாள். புதுச்சேரிக்கு டிக்கெட் பதினெட்டு ரூபாய். “நீங்களும் ஊர்லயே இருக்கேன்னு கேட்டுப் பாருங்கக்கா, குடுத்துடுவார்,” என்றாள். சிரித்துக்கொண்டே கையசைத்தேன்.

பஸ் நகர்ந்த பிறகுதான் அதை யோசித்தேன். அப்பாவின் மாற்றல்களில் ஐந்து ஊர்களில் வளர்ந்தவள் நான். சென்னையில் இருப்பது மூன்றாவது வாடகை வீடு. பால்கனியிலிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் பால்கனி தெரியும். கேட்டால் எனக்கும் கொடுத்துவிடுவார்தான். என்னை எந்த ஊரில் விடச் சொல்லிக் கேட்பது?