படுவான்கரைக்குப் போன கேக் டின்

கொதிக்கும் தேயிலைச் சாயத்தண்ணீருக்குள் பேரீச்சம்பழத்தைப் போட்டு அம்மா ஒரு கரண்டி அப்பச்சோடாவைத் தூவியதும், சட்டி நிறையப் பொங்கும் நுரையின் மணம் எங்கள் கல்லடி வீட்டின் கடைசி அறைவரை போய்விடும். நத்தார் என்ற கிறிஸ்து பிறப்புப் பண்டிகை வந்துவிட்டது என்பதற்கு எங்களுக்கு அதுதான் அறிகுறி. அம்மாவின் சந்தேகங்களும் அந்த மணத்தோடேயே கிளம்பிவிடும்.

ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிட்டுக் காத்திருக்கும் வேலையில்லை அது. மாவும் ரவையும் முட்டையும் சீனியும் சேர்த்து அடித்தால் கலவை தயார். பாண் சுட்டு முடிந்த பிறகும் சூடு தணியாமல் இருக்கும் பேக்கரிப் "போறணை"க்குத் தெருவே கேக் தட்டுகளைச் சுமந்துகொண்டு போகும். மற்றப் பெண்கள் தட்டைக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப, அம்மா மட்டும் போறணை வாய்க்கு எதிரே வாங்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தன்னுடையதை எடுத்துக்கொண்டு, முட்டையில் கஞ்சத்தனம் பார்த்த எவளுடையதையோ தன் தலையில் கட்டிவிடுவார்கள் என்பது அவருடைய பயம். ஆறிய கேக்கை எண்ணெய்த்தாளில் சுற்றிப் பிஸ்கட் டின்களில் அடுக்கி, மூடியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஒட்டி அலுமாரிக்கு மேல் ஏற்றுவார். பிளாஸ்டர் எங்களை நம்பாததற்கு. டின்னின் அடியில் ஆணியால் கீறிய சிலுவை அயலவரை நம்பாததற்கு. வெறும் டின்னைத் திருப்பித் தராமல் தங்களுடையது என்று சாதித்துவிடுவார்களாம்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையில் இருந்த பூமணி மாமி குடும்பத்தோடு எங்களுக்கு ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. நத்தாருக்கு எங்கள் கேக் அங்கே போகும். பொங்கலுக்கு அவர்கள் வயல் வட்டையில் விளைந்த புது அரிசி இங்கே வரும். டின்னைக் கொண்டுபோவது அம்மாவின் தம்பி அன்ரன் மாமாவின் வேலை. சுனாமி வந்த வருடமும் நத்தாருக்கு மறுநாள் விடியவே டின்னைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு மண்முனைத் துறைக்குப் புறப்பட்டார். அங்கே "பாதை" என்று நாங்கள் சொல்லும் படகில் ஏறித்தான் அக்கரை சேர வேண்டும். கூட்டாளிகளோடு கடற்கரையில் பந்தடிக்க நின்றுவிடுவார் என்று சந்தேகித்த அம்மா, அங்கே இங்கே நிற்காமல் போய்வரும்படி வாசல் படலைவரை வந்து சொல்லியனுப்பினார்.

அன்று காலை கடல் ஊருக்குள் வந்தது. நாங்கள் தேவாலயத்தின் மேல்மாடியில் ஏறித் தப்பினோம். வீடு போயிற்று. மாமா திரும்பி வரவில்லை.

அகதி முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்திலிருந்து அப்பா கொக்கட்டிச்சோலைக்குப் போய் விசாரித்தார். அன்ரன் வரவேயில்லை என்று பூமணி மாமி சொல்லிவிட்டார். அப்படியானால் கடற்கரையில்தான் நின்றிருப்பான் என்று ஊர் முடிவு கட்டியது. அதுவரை தம்பியைச் சந்தேகித்த அம்மா அன்றோடு அதை விட்டுவிட்டுப் பூமணி மாமியைச் சந்தேகிக்கத் தொடங்கினார். அக்கரை அப்போது அரசாங்கத்தோடு சண்டையிட்ட இயக்கத்தின் கையில் இருந்தது. மாமாவைக் காட்டுக்குள் கொண்டுபோய்விட்டார்கள், பூமணி பயத்தில் மறைக்கிறாள் என்றார். பொங்கலுக்கு வழக்கம்போல அரிசி வந்தபோது, குற்றமுள்ள நெஞ்சுதான் அரிசி அனுப்பும் என்று அதைத் திருப்பிவிட்டார். இறந்தவர்களுக்கான பூசையில் மாமாவின் பெயரைச் சொல்ல விடவில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் நன்றாகப் பிடித்திருந்தது. கடலோடு போன மாமாவைவிடக் காட்டில் தோளில் துவக்கோடு நிற்கும் மாமா எவ்வளவோ மேல்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. படுவான்கரைச் சனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓடிவந்து, பின்னர் திரும்பிப் போனார்கள். சண்டை ஒரேயடியாக முடிந்ததும், தடுப்பு முகாம்களிலிருந்து விடுபட்டு வந்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் அம்மா போய் மாமாவின் படத்தைக் காட்டினார். ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அந்த நத்தாருக்கு, சுனாமிக்குப் பின் முதல் தடவையாக, அம்மா பேரீச்சம்பழம் ஊறப்போட்டார். கேக்கோடு என்னையும் கூட்டிக்கொண்டு கொக்கட்டிச்சோலைக்குப் போனார். உறவு கொண்டாட இல்லை, வேவு பார்க்க என்று பாதைப் படகில் வைத்தே எனக்குச் சொல்லிவிட்டார்.

பூமணி மாமி எங்களைக் கண்டு திகைத்துப்போய், உட்காரச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனார். சாமிப்படங்களுக்குக் கீழே ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அம்மா எழும்பிப் போய் அதைத் தூக்கி, அடியைத் திருப்பிப் பார்த்தார். சிலுவை இருந்தது. மாமா அன்று கொண்டுபோன டின். உள்ளே அவர்களுடைய காணி உறுதிப் பத்திரம். இடம்பெயர்ந்தபோதும் அதைத்தான் சுமந்து திரிந்திருக்கிறார்கள்.

தேத்தண்ணியோடு வந்த மாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வந்தவன்தான் அக்கா," என்றார். "தேத்தண்ணி குடிச்சிட்டு இருக்கக்குள்ள கடல் வந்திட்டு எண்டு சனம் கத்திச்சு. என்ட புருசன் நில்லு எண்டுதான் சொன்னவர். நான்தான், அக்காவும் புள்ளைகளும் என்ன பாடோ, ஓடிப் பாரு மனே எண்டு அனுப்பினன். பாதை ஓடல்ல. ஆரோடயோ தோணியில இறங்கிட்டான். அண்டைக்கு வாவி சுழிச்சு ஓடின ஓட்டம் உங்களுக்குத் தெரியும்தானே. மறுகா எந்த வாயால உங்களுக்கு இதச் சொல்ற?"

அம்மா சண்டை பிடிப்பார் என்றுதான் நான் பயந்தேன். அவர் டின்னை மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்களப் பாக்கவா வந்தவன்?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா."

அன்றுதான் அம்மா மாமாவுக்காக அழுதார். பூமணி மாமியும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். நான் இருவரையும் வெறுத்தேன். காட்டில் நின்ற என் மாமாவைச் சேர்ந்து கொன்றுவிட்டார்கள் என்று தோன்றியது.

இன்று மண்முனையில் பாலம் போட்டுவிட்டார்கள், பாதை இல்லை. விறகுப் போறணையை இடித்துவிட்டு மின்சார அடுப்பு வைத்திருக்கிறார்கள். தட்டைச் சுமந்து போவார் யாருமில்லை. கேக்கைக் கடையில் பெட்டியோடு வாங்குகிறோம். நத்தாருக்கு மறுநாள் பூசையில் மாமாவின் பெயர் இப்போது ஒவ்வொரு வருடமும் வாசிக்கப்படுகிறது. போன வருடம் புதிதாக வந்த பங்குச் சுவாமி பெயரை எழுதும்போது, இவர் கடலோடு போனவரா, சண்டையில் காணாமற்போனவரா என்று கேட்டார்.

"ரெண்டுமில்ல சுவாமி," என்றார் அம்மா. "வீட்ட வந்துகொண்டிருந்தவன்."